கடல் வணிகர் ஆரோன் லோப்பஸ்

நுழையும்முன்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து அமெரிக்கக் கரையில் குடியேறியோர் பலர். நிலம் தேடிச் சென்றோரும் பொருள் தேடிச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். தம் சமயத்தை அச்சமின்றிப் பின்பற்ற ஓரிடம் வேண்டும் என்று சென்றோரும் இருந்தனர். அவ்வாறு சென்ற யூத வணிகர் குடும்பம் ஒன்றின் தலைவராக விளங்கியவர் ஆரோன் லோப்பஸ். அடக்குமுறையை அறிந்தவர், உரிமைக்காக வழக்காடியவர், பெருஞ்செல்வம் ஈட்டியவர். அச்செல்வம் வந்த வழிகளுள் ஒன்று நம்மைத் தலைகுனியச் செய்வது. ஒரு மனிதரின் வாழ்வை நிறையும் குறையும் ஒருங்கே நோக்கி அறிய இப்பாடம் வழிசெய்கிறது.

வெளியே ஒரு பெயர், வீட்டினுள்ளே ஒரு நம்பிக்கை

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் 1731ஆம் ஆண்டு ஆரோன் லோப்பஸ் பிறந்தார். அப்போது அவருக்கு இடப்பட்ட பெயர் ஆரோன் அன்று, டுவார்ட்டே என்பதே. அந்தப் பெயர் மாற்றத்தின் பின்னே இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு மறைந்துள்ளது.

1497ஆம் ஆண்டு போர்ச்சுகல் மன்னர் தம் நாட்டிலிருந்த யூதர்களைக் கட்டாயப்படுத்திக் கிறித்தவராக்கினார். அவ்வாறு மாற்றப்பட்டோர் புதுக்கிறித்தவர் என அழைக்கப்பட்டனர். அவர்களுள் சிலர் புதிய சமயத்தை மனமார ஏற்றனர். சிலர் வெளியே கிறித்தவராகத் தோன்றி, வீட்டினுள் யூத நெறிகளை மறைவாகப் போற்றி வந்தனர். இவர்களைக் கண்டறிந்து தண்டிப்பதற்காக 1536ஆம் ஆண்டு சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. அண்டை வீட்டார் ஒருவர் ஐயம் எழுப்பினாலே போதும். சிறையும் சித்திரவதையும் சொத்துப் பறிமுதலும் தொடரும். எரியூட்டிக் கொல்லப்பட்டோரும் உண்டு.

லோப்பஸின் குடும்பம் இத்தகைய மறைவாழ்வு வாழ்ந்த குடும்பமாகும். தேவாலயத்தில் ஒரு பெயர், மனத்தில் வேறொரு நம்பிக்கை என்ற இரட்டை வாழ்வு அவருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. அவருடைய மூத்த தமையனார் ஹோசே முன்னரே போர்ச்சுகலை விட்டு வெளியேறி அமெரிக்கா சென்றிருந்தார். அங்கே மோசஸ் என்னும் பெயரை ஏற்று வெளிப்படையாக யூதராக வாழ்ந்து வந்தார். தமையனார் காட்டிய வழியில் செல்ல இளைஞர் டுவார்ட்டேயும் முடிவு செய்தார்.

புதிய ஊர், புதிய பெயர்

1752ஆம் ஆண்டு டுவார்ட்டே தம் மனைவி அன்னாவுடனும் சிறுமியான மகள் கேத்தரீனாவுடனும் நியூபோர்ட் துறைமுகத்தை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 21.

இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கீழைக்கடற்கரையில் அந்நாளில் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட குடியேற்றங்கள் பல இருந்தன. அவற்றுள் மிகச் சிறியது ரோட் ஐலண்ட். சமயக் கருத்து வேறுபாட்டால் மாசசூசெட்ஸிலிருந்து வெளியேற்றப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் என்பவர், ஒருவரது மனச்சான்றில் அரசு தலையிடலாகாது என்னும் கொள்கையின்மீது 1636ஆம் ஆண்டில் இதற்கு அடித்தளம் இட்டார். எனவே பிற இடங்களில் துன்புற்ற பல சமயத்தார் அங்கே புகலிடம் தேடினர். நியூபோர்ட்டில் யூதர்களுக்கென 1677ஆம் ஆண்டிலேயே இடுகாட்டு நிலம் வாங்கப்பட்டிருந்தது என்பதிலிருந்து அவர்களின் வருகைத் தொன்மையை அறியலாம்.

நியூபோர்ட்டில் காலடி வைத்ததும் அக்குடும்பம் செய்த முதற்செயல் தம் அடையாளத்தை வெளிப்படுத்தியதே. டுவார்ட்டே யூத முறைப்படி விருத்தசேதனம் செய்துகொண்டு ஆரோன் ஆனார். அன்னா அபிகாயில் ஆனார். மகள் சாரா ஆனாள். கிறித்தவ முறைப்படி முன்பே மணந்திருந்த கணவனும் மனைவியும் யூதச் சடங்கின்படி மீண்டும் திருமணம் செய்துகொண்டனர். பல தலைமுறைகளாக மறைத்து வைத்திருந்ததை அவர்கள் முதன்முறையாகப் பகலொளியில் வெளிப்படுத்தினர்.

வணிகத்தில் வளர்ச்சி

தொடக்கத்தில் ஆரோன் லோப்பஸ் சிறு கடைக்காரராகவே இருந்தார். அக்காலத்தில் நியூபோர்ட்டில் வளர்ந்துவந்த தொழில் ஒன்று அவருடைய கருத்தைக் கவர்ந்தது. பெரிய தலையுடைய ஒருவகைத் திமிங்கலத்தின் தலைப்பகுதியில் ஸ்பெர்மசெட்டி என்னும் மெழுகுப்பொருள் கிடைக்கும். அதனைக்கொண்டு செய்யப்படும் மெழுகுவத்தி, விலங்குக் கொழுப்பில் செய்யப்படும் வத்தியைக் காட்டிலும் ஒளி மிக்கது, தீநாற்றம் வீசாதது, வெப்பத்தில் எளிதில் வளையாதது. ஆதலால் செல்வர் வீடுகளில் அதற்குத் தேவை மிகுந்திருந்தது. இத்தொழிலை அமெரிக்காவில் வளர்த்த முன்னோடிகளுள் ஜேக்கப் ரோட்ரிகஸ் ரிவேரா என்னும் யூத வணிகரும் ஒருவர். அவரோடு லோப்பஸ் நெருங்கிய தொடர்பு கொண்டார். தாமும் மெழுகுவத்தித் தொழிலில் ஈடுபட்டார்.

திமிங்கல மெழுகுக்குப் போட்டி மிகுந்ததால் விலை ஏறியது. இதனைக் கட்டுப்படுத்த 1761ஆம் ஆண்டு நியூபோர்ட், பிராவிடன்ஸ், பாஸ்டன் ஆகிய ஊர்களின் உற்பத்தியாளர்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். மூலப்பொருளுக்கு இன்ன விலைக்கு மேல் கொடுப்பதில்லை என அவர்கள் வரையறுத்தனர். யூதரும் கிறித்தவரும் ஒருங்கே கையொப்பமிட்ட அவ்வுடன்படிக்கையில் லோப்பஸும் ரிவேராவும் பங்கேற்றனர்.

மெழுகுவத்தியோடு லோப்பஸ் நின்றுவிடவில்லை. மீன், மரம், மாவு, குதிரை, மரச்சாமான், ஆயத்த உடை, காலணி எனப் பலவகைப் பொருள்களை அவருடைய கப்பல்கள் ஏற்றிச் சென்றன. தையற்காரர், செருப்புத் தொழிலாளர், பீப்பாய் செய்வோர் முதலிய கைவினைஞர் பலர் அவருக்காகப் பணிபுரிந்தனர். இங்கிலாந்துடன் செய்த வணிகம் தொடக்கத்தில் அவருக்கு இழப்பையே தந்தது. 1767ஆம் ஆண்டளவில் பிரிஸ்டல் நகரின் ஹென்றி குரூகர் என்னும் வணிகருக்கு அவர் தரவேண்டிய கடன் 10,000 பவுண்டுக்கும் மேற்பட்டிருந்தது. இருப்பினும் அவர் மனம் தளரவில்லை. தம் கவனத்தை மேற்கிந்தியத் தீவுகளின் பக்கம் திருப்பினார். குறிப்பாக ஜமைக்காவில் முகவர்களை அமர்த்தி வணிகத்தை நிலைநிறுத்தினார். 1770களின் தொடக்கத்தில் முப்பது கப்பல்கள்வரை அவருக்கு முழு உரிமையோ பங்கோ இருந்தது. நியூபோர்ட்டில் மிகுதியான வரி செலுத்துபவராகவும் அவர் உயர்ந்தார்.

இத்தனை பரபரப்பிற்கிடையிலும் ஓய்வுநாள் விதியை அவர் மீறியதில்லை. வெள்ளிக்கிழமை மாலை கதிரவன் மறைந்தது முதல் சனிக்கிழமை மாலை வரை அவருடைய வணிகம் நடைபெறாது. காற்று வாய்ப்பாக இருந்தாலும் சனிக்கிழமையன்று அவருடைய கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படாது.

மறுக்கப்பட்ட குடியுரிமை

பிரிட்டனின் நாடாளுமன்றம் 1740ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றியிருந்தது. குடியேற்றங்களில் ஏழாண்டுகள் வாழ்ந்த அயல்நாட்டார் குடியுரிமை பெறலாம் என்பது அதன் சாரம். உறுதிமொழியில் கிறித்தவ நம்பிக்கையைக் குறிக்கும் சொற்களை யூதர்கள் கூறவேண்டியதில்லை என்ற விலக்கும் அதில் இருந்தது. லோப்பஸின் தமையனார் மோசஸும் நண்பர் ரிவேராவும் நியூயார்க்கில் முன்பே குடியுரிமை பெற்றிருந்தனர்.

எனவே 1761ஆம் ஆண்டு லோப்பஸும் ஐசக் எலிசர் என்னும் மற்றொரு யூத வணிகரும் ரோட் ஐலண்டில் குடியுரிமை வேண்டி விண்ணப்பித்தனர். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆயினும் அவ்விண்ணப்பம் நீதிமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்கும் இடையே அலைந்தது. சட்டமன்றத்தின் கீழவை, வாக்களிக்கும் உரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் இன்றிக் குடியுரிமை வழங்கலாம் என்றது. மேலவை அதற்கு உடன்படவில்லை. இறுதியாக 1762ஆம் ஆண்டு மார்ச்சில் உயர்நீதிமன்றம் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. மக்கள்தொகையைப் பெருக்குவதே நாடாளுமன்றச் சட்டத்தின் நோக்கம். இக்குடியேற்றமோ ஏற்கெனவே நிரம்பிவிட்டது. மேலும் கிறித்தவர் தம் சமயத்தை அமைதியாகப் பின்பற்றவே இது நிறுவப்பட்டது என்பன நீதிமன்றம் கூறிய காரணங்கள்.

மனச்சான்றின் உரிமைக்காகத் தோன்றிய மண்ணிலேயே மனச்சான்று காரணமாக ஒருவருக்கு உரிமை மறுக்கப்பட்டது. அந்த ஆண்டே மே மாதத்தில் மனைவி அபிகாயிலும் இறந்தார். இரு துயரங்களுக்கு இடையிலும் லோப்பஸ் தம் முயற்சியைக் கைவிடவில்லை. அண்டைக் குடியேற்றமான மாசசூசெட்ஸின் ஸ்வான்சி என்னும் ஊரில் சிலகாலம் தங்கி அங்கே விண்ணப்பித்தார். 1762 அக்டோபர் 15 அன்று டான்டன் நகரில் அவருக்குக் குடியுரிமை வழங்கப்பட்டது. உறுதிமொழியிலிருந்து கிறித்தவ நம்பிக்கையைக் குறிக்கும் சொற்கள் அவருக்காக நீக்கப்பட்டன. ரோஜர் வில்லியம்ஸை வெளியேற்றிய மாசசூசெட்ஸ், அவருடைய ரோட் ஐலண்ட் மறுத்ததை லோப்பஸுக்கு வழங்கியது. குடியுரிமை பெற்றபின் லோப்பஸ் நியூபோர்ட்டுக்கே திரும்பினார். தமக்கு உரிமை மறுத்த ஊரிலேயே தொடர்ந்து வாழ்ந்தார். 1763ஆம் ஆண்டு ரிவேராவின் மகள் சாராவை மணந்தார்.

தொழுகைக்கூடமும் உறவினர் மீட்பும்

நியூபோர்ட் யூதர்கள் தமக்கென ஒரு தொழுகைக்கூடம் கட்டும் பணியை 1759ஆம் ஆண்டு தொடங்கினர். அடிக்கல் நாட்டியவர்களுள் லோப்பஸும் ஒருவர். பீட்டர் ஹாரிசன் என்னும் கட்டடக் கலைஞர் அதனை வடிவமைத்தார். இஸ்ரேலின் பன்னிரு குலங்களை நினைவூட்டும் வகையில் பன்னிரண்டு தூண்கள் உள்ளே எழுப்பப்பட்டன. 1763 டிசம்பர் 2 அன்று அது வழிபாட்டிற்குத் திறக்கப்பட்டது. இன்று டூரோ தொழுகைக்கூடம் என வழங்கும் அக்கட்டடமே அமெரிக்காவில் எஞ்சி நிற்கும் யூதத் தொழுகைக்கூடங்களுள் மிகப் பழமையானது.

தாம் பெற்ற விடுதலை தம் உறவினருக்கும் கிட்டவேண்டும் என லோப்பஸ் விரும்பினார். அவருடைய மற்றொரு உடன்பிறந்தார் மிகேல் இன்னும் போர்ச்சுகலில் அச்சத்துடன் வாழ்ந்து வந்தார். 1767ஆம் ஆண்டு லோப்பஸ் ஏற்பாடு செய்த கப்பல் மிகேலையும் அவருடைய மனைவியையும் மூன்று புதல்வரையும் ஏற்றிக்கொண்டு நியூபோர்ட் வந்து சேர்ந்தது. மிகேல் ஆபிரகாம் ஆனார். குடும்பத்தார் அனைவரும் புதிய பெயர் ஏற்றனர். அவர்களைப் பொறுத்தவரை அதுவே இழந்த பெயரை மீட்ட நாளாயிற்று.

கணக்கேட்டின் மறுபக்கம்

இதுவரை கண்டவை போற்றத்தக்கவை. ஆனால் லோப்பஸின் வரலாற்றை இத்துடன் முடிப்பது உண்மையைப் பாதியில் நிறுத்துவதாகும்.

அந்நாளைய நியூபோர்ட்டின் செல்வம் மூன்று கரைகளை இணைத்த வணிகத்தால் வளர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலிருந்து கரும்புப்பாகு நியூபோர்ட்டுக்கு வந்தது. அங்குள்ள வடிசாலைகள் அதனை ரம் என்னும் மதுவாக வடித்தன. ரம் பீப்பாய்கள் ஆப்பிரிக்கக் கரைக்குச் சென்றன. அங்கே அவற்றுக்கு ஈடாக மனிதர்கள் வாங்கப்பட்டனர். அவர்கள் கப்பலின் அடித்தளத்தில் விலங்கிட்டு அடைக்கப்பட்டு, மேற்கிந்தியத் தீவுகளிலும் அமெரிக்கக் கரையின் தென்பகுதிக் குடியேற்றங்களான கரோலினா முதலியவற்றிலும் அடிமைகளாக விற்கப்பட்டனர். வழியிலேயே இறந்தோர் கடலில் எறியப்பட்டனர். அத்தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த கரும்பே மீண்டும் பாகாகி நியூபோர்ட் வந்தது.

1761 முதல் 1774 வரையிலான காலத்தில் லோப்பஸ், பெரும்பாலும் ரிவேராவுடன் கூட்டாக, ஏறத்தாழ 21 அடிமைக் கப்பல் பயணங்களுக்குப் பொருளுதவி செய்தார். அவருடைய வீட்டிலும் அடிமைகள் இருந்தனர். ரோட் ஐலண்டிலிருந்து அக்காலத்தில் புறப்பட்ட அடிமைக் கப்பல்களுள் இவை ஒரு சிறு பகுதியே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றை நடத்தியோர் கிறித்தவ வணிகரே. லோப்பஸின் மொத்த வணிகத்திலும் இது ஒரு கூறுதான். அன்றைய சட்டம் இதனைக் குற்றமாகக் கருதவில்லை. இவை அனைத்தும் உண்மை. எனினும் இவற்றுள் எதுவும் விலங்கிடப்பட்ட ஒரு மனிதரின் துயரைக் குறைக்கவில்லை.

லோப்பஸ் எந்த ஆண்டில் குடியுரிமை வேண்டி நீதிமன்றப் படியேறினாரோ, அதே ஆண்டில்தான் அவருடைய அடிமை வணிகமும் தொடங்கியது. தம் பெயரை மறைத்து வாழும் வேதனையை அவர் அறிந்தவர். அவர் ஏற்றி அனுப்பிய கப்பல்களின் கணக்குகளிலோ மனிதர்கள் பெயரின்றி, தலை எண்ணிக்கையாலும் விலையாலும் குறிக்கப்பட்டனர். தாம் பட்ட துன்பம் பிறர் துன்பத்தைத் தாமாகவே உணர்த்திவிடும் என நாம் நினைக்கிறோம். அவ்வாறு நிகழ்வதில்லை என்பதற்கு இவ்வாழ்வே சான்று.

போரும் இடப்பெயர்வும்

1775ஆம் ஆண்டு பிரிட்டனுக்கும் அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் இடையே போர் மூண்டது. லோப்பஸ் விடுதலைப் போராட்டத்தின் பக்கம் நின்றார். 1776 டிசம்பரில் பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டைக் கைப்பற்றியது. கடலை நம்பி வாழ்ந்த நகரம் முடங்கியது. லோப்பஸ் தம் வீட்டையும் பண்டகசாலைகளையும் துறைமேடைகளையும் விட்டுக் குடும்பத்துடன் வெளியேறினார். சில ஊர்களில் தங்கியபின், மாசசூசெட்ஸின் உட்பகுதியில் உள்ள லெஸ்டர் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார். மாமனார் ரிவேராவின் குடும்பமும் மருமகன் ஆபிரகாம் மெண்டிஸின் குடும்பமும் உடன் வந்தன.

கடலே காணாத அவ்வூரில் அவர் கடை வைத்தார். தம் சமய விதிப்படி சனிக்கிழமை கடையை மூடினார். அண்டை வீட்டாரின் உணர்வை மதித்து ஞாயிற்றுக்கிழமையும் மூடினார். வாரத்தில் இரண்டு நாள் வருவாயை இழந்தாலும் ஊராரின் அன்பை ஈட்டினார்.

போர் அவருடைய செல்வத்தை அரித்தது. கப்பல்கள் பல பறிபோயின. பிரிட்டிஷாரிடம் இழந்தவை போக, அமெரிக்கத் தரப்பினரே கைப்பற்றிய ஹோப் என்னும் கப்பலுக்காக அவர் நெடுங்காலம் வழக்காட நேர்ந்தது.

இறுதிப் பயணம்

பிரிட்டிஷ் படை நியூபோர்ட்டை விட்டு 1779இல் வெளியேறியது. போர் முடிவை நெருங்கிய 1782ஆம் ஆண்டு, லோப்பஸ் தம் ஊர் திரும்ப முடிவு செய்தார். மே 28 அன்று குடும்பத்துடன் வண்டிகளில் பயணம் செய்துகொண்டிருந்தார். பிராவிடன்ஸ் நகருக்கு அருகில் ஸ்காட் குளம் என்னும் நீர்நிலையில் தம் குதிரைக்கு நீர் காட்ட வண்டியை இறக்கினார். கரையோரம் ஆழமற்றது என எண்ணிய இடம் புதைமணலாக இருந்தது. குதிரையும் வண்டியும் அமிழ்ந்தன. நீந்தத் தெரியாத அவர் மனைவி மக்கள் கண்ணெதிரிலேயே மூழ்கி இறந்தார். கப்பல்களைக் கடல்தோறும் செலுத்திய வணிகரின் வாழ்வு ஒரு சிறு குளத்தில் முடிந்தது. அப்போது அவருக்கு வயது 51.

அவருடைய உடல் நியூபோர்ட்டின் யூத இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. கிறித்தவப் போதகரும் யேல் கல்லூரியின் தலைவருமான எஸ்ரா ஸ்டைல்ஸ், அவருடைய நேர்மையையும் இன்சொல்லையும் கொடையையும் தம் நாட்குறிப்பில் புகழ்ந்து எழுதினார். லெஸ்டரில் லோப்பஸ் கட்டிய இல்லம் 1784ஆம் ஆண்டு ஒரு கல்விக்கூடமாயிற்று. ஆனால் அவர் விட்டுச்சென்ற சொத்து கடன்களைத் தீர்க்கப் போதவில்லை. நியூபோர்ட்டும் பழைய வளத்தை மீண்டும் அடையவில்லை.

வரலாறு தரும் பாடம்

1790ஆம் ஆண்டு அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் நியூபோர்ட்டுக்கு வந்தார். அங்குள்ள யூதச் சபை அவருக்கு வரவேற்பு மடல் அளித்தது. சமய உரிமை என்பது ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினருக்குக் காட்டும் சலுகை அன்று. அது ஒவ்வொருவரின் இயல்பான உரிமை என்னும் கருத்துப்பட அவர் மறுமொழி எழுதினார். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் லோப்பஸ் நீதிமன்றத்தில் கேட்டதும் அதையே. அம்மறுமொழியைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. அதே ஆண்டில் அக்குடியரசில் இலட்சக்கணக்கான ஆப்பிரிக்கர் அடிமைகளாகவே இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஆரோன் லோப்பஸின் வாழ்வில் துணிவு உண்டு, உழைப்பு உண்டு, உறவினரைக் காத்த அன்பு உண்டு. அவற்றை அவருடைய குற்றம் இல்லாமல் ஆக்கிவிடாது. அவருடைய குற்றத்தை அவையும் மறைத்துவிடா. இரண்டையும் ஒருங்கே காணும் நடுவுநிலையே வரலாறு படிப்போருக்கு வேண்டிய முதற்பண்பாகும். நமக்கு உரிமை வேண்டும் என்று குரல் எழுப்பும் ஒவ்வொரு முறையும், அவ்வுரிமை யாருக்கு இன்னும் எட்டவில்லை என்று சுற்றிலும் நோக்குவதே இவ்வாழ்விலிருந்து நாம் பெறும் பாடம்.

கற்பவை கற்றபின்

1. லோப்பஸின் குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் கூறிய காரணங்களைத் தொகுத்து, அவை ஏற்கத்தக்கனவா என வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஒருவர் வாழ்ந்த காலத்தின் வழக்கம் அவருடைய தவற்றுக்குச் சமாதானம் ஆகுமா என்னும் பொருளில் சொற்போர் நடத்துக.

3. உமக்குத் தெரிந்த வரலாற்று மாந்தர் ஒருவரின் வாழ்வை, நிறையும் குறையும் ஒருங்கே அமைய இரண்டு பக்க அளவில் எழுதுக.